இரண்டு பாட்டிலுக்குத்தான் அனுமதி: முதல் பர்பன் எது?

தங்கையின் கணவர் சிங்கப்பூரில் மதுரை விமானத்துக்குக் காத்திருந்தபோது அழைத்தார். "மச்சான், பர்பன் குடித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். இங்கே ஓர் அலமாரி நிறைய நிற்கிறது. எதை எடுக்க?"

வரியில்லாமல் ஒருவர் கொண்டுவர இரண்டு லிட்டர்தான் அனுமதி. லிட்டர் பாட்டில் என்றால் இரண்டு. பத்து நிமிடம் பொறுங்கள் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தேன். சாயல்குடிப் பக்கம் பலருக்கும் பர்பன் இப்படித்தான் அறிமுகமாகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டுவருவார்கள். அந்த முதல் பாட்டில் பொருந்தாமல் போனால் பர்பனே இப்படித்தான் என்று ஒதுக்கிவிடுகிறோம். கப்பல் வேலையில் இருந்த காலத்தில் இவற்றையெல்லாம் குடித்துப் பார்த்தவன் என்பதால் எனக்கு அது பொறுக்காது.

பர்பன் அமெரிக்க விஸ்கி. கென்டக்கி மாநிலத்தில் வடித்தால்தான் பர்பன் என்று சொல்வார்கள். அது சரியல்ல, அமெரிக்காவுக்குள் எங்கே வடித்தாலும் பர்பன்தான். சட்டம் கேட்பது வேறு. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கரியாக எரித்த புத்தம்புதிய ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. நம் நாட்டில் விஸ்கி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸிலிருந்து வடித்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டவை. அதற்குப் பழகிய நாக்குக்கு இது வேறு உலகம்.

ஆனால் கரிமூட்டம் போடும் ஊர்க்காரனுக்கு இந்தப் பீப்பாய்க் கதை எளிதில் விளங்கும். சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, காற்றுப் புகாமல் நாள்கணக்கில் கனியவிடுகிறோம். அங்கே பீப்பாயின் உட்புறத்தை நேரடி நெருப்பில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே காட்டுகிறார்கள். மேலே கரி, அதற்கடியில் மரத்தின் சர்க்கரை சூட்டில் சிவந்த ஒரு படலம். கோடையில் மது விரிந்து அந்தப் படலத்துக்குள் புகுகிறது, குளிர்காலத்தில் சுருங்கித் திரும்புகிறது. திரும்பும்போது நிறத்தையும் இனிப்பு மணத்தையும் ஏந்தி வருகிறது. பதநீர் கொதித்துச் சிவக்கும் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்த மணம் பாதி பழக்கமானது. மீதியில் லேசான தேங்காய் வாடை உண்டு. அது அமெரிக்க ஓக்கின் இயல்பு.

அமெரிக்க விலையில் 25 முதல் 40 டாலருக்குள் கிடைக்கும் நான்கை எடுத்துக்கொள்கிறேன்: மேக்கர்ஸ் மார்க், வைல்டு டர்க்கி 101, பஃபலோ டிரேஸ், வுட்ஃபோர்டு ரிசர்வ். நான்கும் கென்டக்கியில் வடிப்பவை. இவற்றைப் பிரித்தறிய இரண்டு கேள்விகள் போதும். மக்காச்சோளத்துக்கு அடுத்த தானியம் எது? ஆல்கஹால் எத்தனை சதவீதம்?

மேக்கர்ஸ் மார்க்கில் அடுத்த தானியம் கோதுமை. மற்ற மூன்றிலும் ரை என்ற குளிர்நாட்டுத் தானியம். வித்தியாசம் முதல் மடக்கிலேயே தெரியும். ரை மிளகும் கிராம்பும் போலக் காரம் தரும். கோதுமை அந்தக் காரத்தை எடுத்துவிட்டு வழுவழுப்பைத் தரும். 45 சதவீதம் இருந்தாலும் மேக்கர்ஸ் தொண்டையைக் கீறாது. நாக்கின் நுனியில் கருப்பட்டிப் பாகு, நடுவில் சுட்ட ரொட்டி, முடியும்போது கொஞ்சம் தேங்காய். 2013இல் இந்த நிறுவனம் சரக்குப் பற்றாக்குறையைச் சமாளிக்க 45ஐ 42 ஆக்கப் பார்த்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்ததால் சில நாட்களிலேயே பின்வாங்கியது. மூன்று சதவீதத்துக்கு அவ்வளவு ஆத்திரமா என்று கேட்பவர்கள், அதே மதுவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குடித்துப் பார்க்கட்டும்.

வைல்டு டர்க்கி 101 இதற்கு நேர் எதிர். பெயரிலுள்ள 101 அமெரிக்க 'புரூஃப்' கணக்கு, பாதியாக்கினால் 50.5 சதவீதம். 1954இல் வேலைக்குச் சேர்ந்த ஜிம்மி ரசல் பல பத்தாண்டுகள் இதன் வடிப்பைக் கவனித்தார். பீப்பாய்க்குள் ஊற்றும்போது சட்டம் 62.5 சதவீதம் வரை அனுமதிக்கிறது, இவர்கள் 57.5இல் நிறுத்துகிறார்கள். அதனால் பாட்டிலில் அடைக்கும்போது அதிகம் தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை, பீப்பாயின் சுவை நீர்த்துப்போவதும் இல்லை. பீப்பாயையும் நன்றாகவே கரிக்கிறார்கள். அப்படியே குடித்தால் புதியவர் முகம் சுளிப்பார். நான் முதல் தடவை சுளித்தேன். பிறகு ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் விட்டேன். சுருட்டிவைத்த ஓலைப்பாய் விரிவதுபோல மணம் விரிந்தது: கருகிய சர்க்கரை, ஆரஞ்சுத் தோல், மிளகு. நம் வெயிலுக்கு ஐஸ் போடாமல் முடியாது. ஐஸ் உருகி நீர்த்த பிறகும் சுவை நிற்பது நான்கில் இது ஒன்றில்தான்.

பஃபலோ டிரேஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ரை உண்டு, ஆனால் குறைவு. வெனிலா முன்னால் வரும், காரம் பின்னால் மெதுவாக எட்டிப் பார்க்கும். ஒரே பாட்டில்தான் வாங்க முடியும் என்றால் இதைச் சொல்வேன். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இது 45 சதவீதம், ஆனால் சில நாடுகளுக்கு 40 சதவீதத்தில் அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். லேபிளைப் படித்துவிட்டு எடுங்கள்.

வுட்ஃபோர்டு குறை சொல்ல முடியாத மது. பாட்டிலும் அழகு. ஆனால் நான்கில் விலை கூடியது இதுதான். கூடுதல் பணத்துக்கு ஈடாகப் புதியவர் நாக்குக்குக் கூடுதலாக எதுவும் தெரியாது. கல்யாண வீட்டுக்குப் பரிசு கொடுக்கலாம்.

சாப்பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆல்கஹால் கூடக் கூட மிளகாய் எரிச்சலும் கூடும். முண்டு மிளகாய் அரைத்துப் பொரித்த நெத்திலியோடு 101 குடித்தால் வாயில் தீ மட்டும்தான் மிஞ்சும். அதற்கு மேக்கர்ஸ் சரி. 101க்கு உப்பும் மிளகும் தூவிய பனங்கிழங்கு, வறுத்த கடலை போதும்.

குடிக்கும் இடமும் முக்கியம். மொட்டை மாடிக் கடற்காற்றில் கிளாஸை நீட்டினால் மணம் மூக்குக்கு வராமலே போய்விடும். வீட்டுக்குள் உட்காருங்கள். முப்பது மில்லி ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு, வாயை லேசாகத் திறந்து முகருங்கள். முதல் மடக்கு தண்ணீர் இல்லாமல், அடுத்தது கொஞ்சம் தண்ணீரோடு. அன்றைக்கு அவ்வளவு போதும். வண்டிச் சாவியை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

பத்து நிமிடம் கழித்துத் திரும்ப அழைத்தேன். "மாப்பிள்ளை, சிவப்பு மெழுகு வழிந்த மேக்கர்ஸ் பாட்டில் ஒன்று, வான்கோழிப் படம் போட்ட 101 ஒன்று. அடுத்தடுத்து வைத்துக் குடித்தால் உங்கள் நாக்கு எந்தப் பக்கம் என்று ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். அடுத்த முறை நீங்கள் எனக்குச் சொல்லலாம்."

"பஃபலோ வேண்டாமா மச்சான்? பக்கத்திலேயே நிற்கிறது."

"அது நான் சென்னைக்குப் போகும்போது வாங்கிக்கொள்கிறேன். வந்ததும் தகரக் கூரைக்கடியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அரிசி மூட்டைக்குப் பின்னால், இருட்டில், நிமிர்த்தி வையுங்கள்."