செட்டிக்கரை பக்கம் 'ஸ்டூடன்ட் ரூம்' கட்டடம் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தருமபுரியில் காலேஜ் பசங்களுக்கு வாடகைக்கு விட்ட கட்டடம் விலைக்கு இருக்கிறது, மாதம் 36,000 ரூபாய் நிச்சயம் என்று புரோக்கர் யாராவது சொன்னால், டோக்கன் அட்வான்ஸ் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியைக் காட்டித்தான் எனக்கு விற்றார்கள். ஒன்பது அறை. பார்க்கப் போன அன்று எல்லா அறையிலும் ஆள், கொடி நிறையத் துணி. பாத்ரூம் வாளிகளில் விலை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. "புது பேட்ச் சார், இப்பத்தான் வந்தாங்க" என்றார் விற்றவர். மூன்று வருடம் தானே நடத்தி வாடகையை என் கணக்கில் போடுவதாகப் பேச்சு. எழுதியதோ 11 மாத ஒப்பந்தம்.

சில மாதம் தேதி தவறாமல் பணம் வந்தது. எல்லாம் என் பணம்தான். அக்கம்பக்கத்துக் கட்டடங்கள் போன விலையை விசாரித்தால், என்னிடம் ஐந்து லட்சத்துக்கு மேல் கூட்டி வாங்கியிருக்கிறார். அதிலிருந்து எடுத்து எனக்கே வாடகை! ஏப்ரலில் பரீட்சை முடிந்தது, பணமும் நின்றது. போன் எடுப்பதில்லை.

அதைவிட மோசம், நிஜமாகக் குடியிருந்த நாலைந்து பையன்கள் பெட்டியோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "ஓனர் நீங்கதானேண்ணா, அட்வான்ஸ் குடுங்க." ஆளுக்கு 5,000 அவரிடம் கட்டியிருக்கிறார்கள், துண்டுச்சீட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது. கிரயத்தின்போது இதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. அரூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், விரட்ட மனசு வருமா? கொடுத்தனுப்பினேன். மற்ற அறைகளின் கதையும் அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது: "அன்னிக்கு பிரியாணி வாங்கிக் குடுத்து உக்கார வெச்சாங்கண்ணா."

இங்கே அரசுக் கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் பாலக்கோடு, பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள். பெண்களுக்கு 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசே கிடையாது. பிற்படுத்தப்பட்டோர் நல, ஆதிதிராவிடர் நல விடுதிகளில் சாப்பாட்டோடு இலவசம். மிச்சம் எத்தனை பேர் ரூம் தேடுவார்கள்? காலை எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நின்றாலே தெரியும். லேடீஸ் ஹாஸ்டலாக மாற்றலாம் என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும். அது தனி அலைச்சல்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்பார்கள். பத்திரப் பதிவு ஆபீஸில் பதியாத 11 மாத ஒப்பந்தம் அதில் வரவே வராது. 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் ஒப்பந்தத்தைப் பதிந்த எண் எங்கே என்று கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் வாங்கிய அட்வான்ஸை விலையில் கழித்துப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். முக்கியமாக, சொல்லாமல் கொள்ளாமல் வேலை நாளில் ராத்திரி போய்ப் பாருங்கள்.

மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். 'இது சிவில் தகராறு' என்று விற்றவர் நழுவப் பார்க்கிறார். இதற்கிடையில் பைசுஅள்ளியில் பல்கலைக்கழக மையத்தைக் காட்டி இன்னொரு கட்டடம் விலைக்கு வந்திருக்கிறது. நடத்தப்போவது இதே ஆள்தான். அங்கே யாராவது டோக்கன் போட்டிருந்தால் கிரயத்துக்கு முன் இன்பாக்ஸில் வாருங்கள், என் ஒப்பந்த நகலை அனுப்புகிறேன்.