காரில் பாட்டு: சாட்டிலைட் ரேடியோவா, கையடக்க பிளேயரா?

அமெரிக்காவிலோ கனடாவிலோ கார் வாங்கியவர்களிடம் இந்தக் கேள்வி தானாக வந்து நிற்கும். காரோடு சேர்ந்து சிரியஸ்எக்ஸ்எம் என்ற சாட்டிலைட் ரேடியோ சில மாதங்கள் இலவசமாக ஓடும். அது முடியும் நேரத்தில் சந்தா கட்டச் சொல்லிக் கடிதமும் போனும் வரத் தொடங்கும். கட்டுவதா, அல்லது வீட்டில் சும்மா கிடக்கும் ஐபாடையோ பழைய போனையோ ஒரு யூ.எஸ்.பி. ஸ்டிக்கையோ சொருகிக்கொண்டு போவதா?

பாட்டு மட்டும்தான் கேட்பீர்கள் என்றால் பிளேயர் போதும், அதுதான் நல்லதும்கூட. ஆட்ட வர்ணனை, செய்தி, பேச்சு நிகழ்ச்சி என்று நேரலையில் கேட்கிறவர், அதுவும் போன் சிக்னல் இல்லாத நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓட்டுகிறவர் என்றால் சாட்டிலைட்டுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒலியைப் பெரும்பாலும் கெடுப்பது அந்தப் பெட்டி அல்ல. பெட்டியிலிருந்து கார் ஸ்டீரியோவுக்குப் போகும் கடைசி மூன்றடி இணைப்புதான். அதனால் இந்த அலசலில் அதற்குத்தான் அதிக இடம்.

வானத்திலிருந்து வருவது

சிரியஸ்எக்ஸ்எம் முதலில் இரண்டு தனி நிறுவனங்கள். எக்ஸ்எம் 2001 செப்டம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியது, சிரியஸ் 2002இல். 2008 ஜூலையில் இரண்டும் ஒன்றாகின. இரண்டுக்கும் தலா 12.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலம், 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரை. எக்ஸ்எம்முக்கு அந்த அகலத்தில் கிடைத்த தரவு வேகம் நொடிக்குச் சுமார் 4 மெகாபிட். அதை நூறு சேனலுக்குப் பங்கு போட்டால் சராசரியாக ஒன்றுக்கு 40 கிலோபிட். பேச்சுக்கு அது தாராளம். பாட்டுக்குப் பேச்சுச் சேனல்களிடமிருந்து கொஞ்சம் பிடுங்கிக் கொடுத்தாலும் குறைவுதான். சி.டி.யிலிருந்து நீங்களே ரிப் செய்த, அதாவது நகலெடுத்த, 256 கிலோபிட் எம்பி3 பக்கத்தில் அது நிற்காது.

வித்தியாசம் எங்கே தெரியும்? குரலில் தெரியாது, பாஸிலும் தெரியாது. உச்ச சுரத்தில் தெரியும். ஜால்ரா, சலங்கை, டிரம்ஸின் சிம்பல் ஆகியவை 'ஸ்ஸ்' என்று தண்ணீர் தெளித்தது போலக் கலங்கி வரும். குறைந்த பிட் வேகத்தில் மேல் அலைவரிசைகளை அப்படியே அனுப்புவதில்லை, ரிசீவர்தான் குறிப்புகளை வைத்து மறுபடி உருவாக்குகிறது. 110 கிலோமீட்டர் வேகத்தில் டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் இதை மூடிவிடும். டிராஃபிக் சிக்னலில் நிற்கும்போது நன்றாகவே கேட்கும்.

சிக்னல் அறுபடாமல் இருக்க எக்ஸ்எம் செய்த ஏற்பாடு பாராட்டத்தக்கது. மேற்குத் தீர்க்கரேகை 85, 115 பாகைகளில் இரண்டு செயற்கைக்கோள்கள். ஒரே நிகழ்ச்சியை இரண்டும் அனுப்பும், ஆனால் ஒன்று மற்றதைவிடச் சுமார் 4 நொடி தாமதமாக. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 4 நொடிக்கு 110 மீட்டர் கடந்துவிடுவீர்கள், எனவே பாலத்துக்கு அடியில் போனாலும் பாட்டு நிற்காது. அதே பாலத்துக்கு அடியில் சிவப்பு விளக்கு விழுந்து நின்றுவிட்டால் மௌனம்தான். பெருநகரங்களில் தரையிலிருந்து அதே நிகழ்ச்சியைத் திருப்பி அனுப்பும் கோபுரங்கள் உண்டு, அதனால் வானளாவிய கட்டடங்களுக்கு நடுவிலும் பெரும்பாலும் கேட்கும். சுரங்கப் பாதை, அடுக்குமாடி பார்க்கிங், அடர்ந்த மரச்சாலை ஆகிய மூன்றிலும் விட்டு விட்டு வரும். டொரொண்டோ பக்கம் 85 பாகைச் செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து சுமார் 40 பாகை உயரத்தில், தெற்கே இருக்கிறது. ஆகவே தெற்குப் பக்கம் குன்றோ உயர்ந்த கட்டடமோ இருக்கும் சாலைதான் சோதனைக்கு ஏற்ற இடம்.

தொழிற்சாலையிலேயே ரிசீவர் பொருத்திய கார் என்றால் ஆன்டெனா பற்றிக் கவலை இல்லை. தனியாக வாங்கிப் பொருத்துகிறவர்கள் தவறு செய்வது இங்கேதான். காந்த ஆன்டெனாவைச் சுற்றிலும் எல்லாப் பக்கமும் குறைந்தது 3 அங்குலத்துக்கு இரும்புக் கூரை இருக்க வேண்டும். அந்தத் தகடு ஆன்டெனாவின் ஒரு பாகம் மாதிரி வேலை செய்கிறது. ஓரத்தில் ஒட்டினாலும் டேஷ்போர்டுக்குள் ஒளித்து வைத்தாலும் சிக்னல் குறையும். கூரையில் சாமான் கம்பி இருந்தால் தள்ளி வையுங்கள். 2015க்குப் பிந்தைய ஃபோர்ட் எஃப்-150 மாதிரி அலுமினிய உடல் கொண்ட வண்டியிலும் முழுக் கண்ணாடிக் கூரையிலும் காந்தம் ஒட்டவே ஒட்டாது, பசை வைத்த தட்டு தேவைப்படும். கேபிளைக் கதவு ரப்பருக்குள் அழுத்தி நுழைத்து, கதவு நசுக்காத மூலை வழியாக உள்ளே கொண்டுவரவும். மிச்சக் கேபிளை வெட்டக் கூடாது.

சந்தாவைத் தொடங்கும்போது காரைக் கராஜில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். திறந்த வானத்தின் கீழ் நிறுத்தி, ரேடியோவை ஓடவிட வேண்டும். சந்தாவுக்குத் தேவைப்படும் ரேடியோவின் அடையாள எண்ணைப் பார்க்க சேனல் 0க்குப் போனால் போதும். செயல்படுத்தும் சிக்னல் வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகலாம். நடுவில் அணைத்தால் மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும்.

பையிலிருந்து வருவது

2001 அக்டோபரில் வந்த முதல் ஐபாட் 5 ஜி.பி., 399 டாலர். கடைசி ஐபாடின் உற்பத்தியை 2022 மே மாதம் நிறுத்தினார்கள். ஆனாலும் கையடக்க பிளேயர் என்ற எண்ணம் சாகவில்லை. சிம் எடுத்த பழைய போன், எஸ்டி கார்டு போடும் சிறு பிளேயர், 32 ஜி.பி. ஸ்டிக் எல்லாமே அதே வேலையைச் செய்கின்றன. 320 கிலோபிட்டில் ஒரு நிமிடம் 2.4 எம்.பி., நான்கு நிமிடப் பாட்டு சுமார் 10 எம்.பி. ஆக 32 ஜி.பி.யில் மூவாயிரம் பாட்டு அடங்கும். காருக்கு அதற்கு மேல் தேவையில்லை. பெரிய ஸ்டிக் போட்டால், வண்டியைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் ஸ்டீரியோ பட்டியல் தயாரித்துக்கொண்டே இருக்கும்.

யூ.எஸ்.பி. ஸ்டிக் 'படிக்கவில்லை' என்று சொன்னால் பெரும்பாலும் கோளாறு ஸ்டிக்கில் இல்லை, ஃபார்மேட்டில், அதாவது அதில் கோப்புகளை அடுக்கும் முறையில். பல கார் ஸ்டீரியோக்களுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது, ஃபேட்32 தான் வேண்டும், பார்ட்டிஷன் (ஸ்டிக்கின் இடத்தைப் பிரிக்கும் முறை) எம்.பி.ஆர். வகையாக இருக்க வேண்டும். மேக்கில் நகலெடுத்தால் ஒவ்வொரு பாட்டோடும் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவுக் கோப்பு சேர்ந்துவிடும். ஸ்டீரியோ அதையும் பாட்டென்று நினைத்துத் திணறும், அதை அழித்துவிட்டுச் சொருகுங்கள். வரிசை தாறுமாறாக வந்தால் பாட்டுப் பெயருக்கு முன் 01, 02 என்று எண் போட்டு, காலி ஸ்டிக்கில் ஒவ்வொரு ஃபோல்டராக நகலெடுக்கவும். சில ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, எழுதிய வரிசையில்தான் பாடும்.

தமிழ்ப் பாட்டுச் சேமிப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பாட்டின் பெயரைத் தமிழில் எழுதிவைத்திருந்தால் திரையில் கட்டம் கட்டமாக வரும். பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். காருக்கான ஸ்டிக்கில் மட்டும் பெயர்களை ஆங்கில எழுத்தில் மாற்றி, டேகை (கோப்புக்குள் இருக்கும் பாட்டு விவரம்) ஐடி3 2.3 பதிப்பில் சேமித்தால் தொல்லை தீரும். அறுபதுகளின் பாட்டு மெதுவாகவும் புதுப் பாட்டு காதைப் பிளக்கும்படியும் வருவதை எம்பி3கெய்ன் போன்ற மென்பொருள் சரி செய்யும். அது பாட்டை மறுபடி சுருக்காமல், 1.5 டெசிபெல் படிகளில் அளவை மட்டும் மாற்றுகிறது.

பிளேயருக்கு எதிரி வெயில். ஐபாடுக்கு ஆப்பிள் சொன்ன வரம்பு, பயன்படுத்தும்போது 0 முதல் 35 டிகிரி, சும்மா வைத்திருக்கும்போது 45 டிகிரி வரை. கோடையில் மூடிய காரின் டேஷ்போர்டு இதைச் சுலபமாகத் தாண்டும், லித்தியம் பேட்டரி உப்பும். போனையோ பிளேயரையோ காரிலேயே விட்டுவிட்டுப் போகும் பழக்கம் இருந்தால் ஸ்டிக்தான் சரி, அதில் பேட்டரியே கிடையாது.

அந்தக் கடைசி மூன்றடி

தனியாக வாங்கிய சாட்டிலைட் ரிசீவரோ பிளேயரோ, கார் ஸ்டீரியோவுக்குள் ஒலி நுழையும் வழிகள் ஏறக்குறைய ஒன்றே. தரத்தில் மேலிருந்து கீழாக: யூ.எஸ்.பி., ஆக்ஸ் (ஹெட்போன் வயர் மாதிரி ஒன்றைச் சொருகும் துளை) அல்லது புளூடூத், கேசட் அடாப்டர் (கேசட் வடிவில் இருக்கும், வயர் கொண்ட கருவி), எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் (காலியான எஃப்.எம். எண்ணில் கார் ரேடியோவுக்குப் பாட்டை அனுப்பும் கருவி). கடைசியில் இருப்பதைப் பலர் வாங்குகிறார்கள், ஏனென்றால் எஃப்.எம். ரேடியோ உள்ள எந்தக் காரிலும் வேலை செய்யும்.

எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரின் சிக்கல் சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் உரிமம் இல்லாத எஃப்.எம். கருவியின் அலைப்பலம் 3 மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாது. அது மிகச் சிறிய அளவு. 2006இல் சில சாட்டிலைட் ரிசீவர்களின் டிரான்ஸ்மிட்டர்கள் வரம்பை மீறியதாகக் கண்டுபிடிக்கப்பட்டு, அவற்றைத் திருத்த வேண்டி வந்தது. வரம்புக்குள் இருக்கும் கருவி, ஊர் மாறியதும் அதே எண்ணில் வரும் வானொலி நிலையத்திடம் தோற்றுவிடும். டொரொண்டோ, நியூயார்க் மாதிரி அலைவரிசை நிரம்பிய ஊரில் காலியான எண்ணே கிடைக்காது. கிடைத்தாலும் எஃப்.எம். 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைக் கடத்தாது. 256 கிலோபிட் பாட்டுக்கும் 40 கிலோபிட் சேனலுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதியை இந்த ஒரு கருவி விழுங்கிவிடும்.

வேறு வழியே இல்லாத பழைய காருக்கு எஃப்.எம். டைரக்ட் அடாப்டர் என்ற சிறு பெட்டி உண்டு. ஸ்டீரியோவின் பின்னால், கார் ஆன்டெனா வயருக்கு நடுவில் அதைப் பொருத்துவார்கள். ரிசீவரின் சிக்னல் வயர் வழியாகவே போகும், வெளி நிலையங்கள் துண்டிக்கப்படும். டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும், ஆனால் சத்தம் சுத்தமாக இருக்கும். கேசட் பிளேயர் இருக்கும் கார் என்றால், கேசட் அடாப்டர் நகரத்துக்குள் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைவிட நம்பகமானது. உள்ளே பல் சக்கரம் சுற்றும் மெல்லிய கடகட சத்தம் மட்டும் இருக்கும்.

ஆக்ஸ் வயரைப் போட்டு, அதே பிளேயரைச் சிகரெட் லைட்டர் துளையில் சார்ஜும் போட்டால் 'வீஈஈ' என்று ஒரு முனகல் வரலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதி ஏறும். அது காரில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் சத்தம். பிளேயரின் எர்த் இரண்டு வழியாகக் காரோடு சேர்வதால் வருகிறது. சார்ஜரை உருவிப் பாருங்கள். நின்றால் காரணம் இதுதான். ஆக்ஸ் வயரில், அந்த இரட்டை எர்த் வழியைத் துண்டிக்கும் ஒரு கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் போட்டால் போய்விடும். மிக மலிவானது பாஸைக் கொஞ்சம் குறைக்கும்.

ஹெட்போன் துளையிலிருந்து ஆக்ஸுக்குக் கொடுக்கும்போது பிளேயர் ஒலியை 80 சதவீதத்தில் நிறுத்தி, மீதியைக் காரில் கூட்டுங்கள். குறைவாக வைத்தால் ஸ்டீரியோவை முறுக்க வேண்டி வரும், இரைச்சலும் சேர்ந்து ஏறும், பிறகு ரேடியோவுக்கு மாற்றினால் தூக்கிப்போடும். முழுதாக வைத்தால் சில பிளேயர்களில் ஒலி கிழியும். பழைய ஐபாடின் அடியில் உள்ள 30 முனை இணைப்பில் லைன் அவுட், அதாவது வால்யூமால் மாறாத நேரடி ஒலி வெளியீடு, இருக்கிறது. அந்த கேபிள் கிடைத்தால் ஹெட்போன் துளையே வேண்டாம். ஸ்டீயரிங் பொத்தானால் பாட்டு மாற்ற வேண்டும் என்றால் ஆக்ஸ் உதவாது, யூ.எஸ்.பி.யோ புளூடூத்தோ வேண்டும். ஒன்டாரியோவில் இது வசதி மட்டுமல்ல: 2009 அக்டோபர் முதல் ஓட்டும்போது போனை மட்டுமல்ல, பாட்டுக் கருவியைக் கையில் எடுத்தாலும் குற்றம்.

காசு

2005 வாக்கில் சந்தா மாதம் 12.95 டாலர். ஐந்து வருடத்துக்கு 777 டாலர், அதன் பிறகும் கையில் ஒன்றும் மிஞ்சாது. சந்தாவோடு இசை உரிமைக் கட்டணம் என்று தனியே ஒரு தொகை சேரும், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணில் அது இருக்காது. சலுகை விலை முடிந்ததும் முழு விலை தானாக ஓடத் தொடங்கும். ரத்து செய்வதைச் சிக்கலாக்கியதற்காக நியூயார்க் அட்டர்னி ஜெனரல் தொடுத்த வழக்கில், சிரியஸ்எக்ஸ்எம் அமெரிக்க மத்தியச் சட்டத்தை மீறியதாக 2024 நவம்பரில் நீதிமன்றம் சொன்னது. சலுகை முடியும் தேதியைச் சேரும் அன்றே காலண்டரில் குறித்துவையுங்கள்.

வேர்ல்டுஸ்பேஸை நினைவிருப்பவர்களுக்கு இன்னொரு அபாயமும் தெரியும். ஆசியாஸ்டார் செயற்கைக்கோள் வழியாகக் கேஎல் ரேடியோ என்று முழுநேரத் தமிழ்ச் சேனல் கொடுத்த நிறுவனம் அது. 2008 அக்டோபரில் திவால் மனு போட்டது, இந்தியச் சேவை 2009 டிசம்பரோடு நின்றது. சந்தாவை முன்கூட்டிக் கட்டியவர்களின் ரிசீவர் அன்றோடு வெறும் பெட்டியானது. எம்பி3 கோப்பு யார் திவாலானாலும் பாடும். சிரியஸ்எக்ஸ்எம் அந்த நிலையில் இல்லை, புதிய செயற்கைக்கோள்களை ஏவிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதன் சேனல் பட்டியல் அமெரிக்க, கனடிய ரசனைக்குப் போட்டது. தமிழ்ப் பாட்டை எதிர்பார்த்து அதற்குச் சந்தா கட்ட வேண்டாம்.

யாருக்கு எது

லாரி ஓட்டுகிறவர், வாரம் பல நூறு கிலோமீட்டர் ஆள் இல்லாத சாலையில் போகிறவர், ஹாக்கியோ பேஸ்பாலோ விடாமல் கேட்கிறவர் ஆகியோர் சாட்டிலைட் எடுங்கள், சலுகை விலையில் மட்டும். தினமும் அரை மணி நேரம் அலுவலகம் போய் வருகிறவருக்கு ஸ்டிக் போதும். குழந்தைகள் ஒரே பாட்டைப் பத்து முறை கேட்கும் வீட்டுக்கு பிளேயர் தவிர வேறு வழியே இல்லை, சாட்டிலைட் சேனலில் கேட்ட பாட்டைத் தேடி எடுக்க முடியாது. இரண்டும் வேண்டும் என்கிறவர், முதலில் காரில் யூ.எஸ்.பி. உள்ள ஸ்டீரியோவைப் போடுங்கள். சாட்டிலைட் டியூனர் இணைக்கும் வசதி கொண்ட மாடலாகப் பார்த்து வாங்கினால், பின்னால் சிரியஸ்எக்ஸ்எம் எஸ்எக்ஸ்வி300 டியூனரை ஒரே வயரில் சேர்த்துக்கொள்ளலாம், எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் பக்கமே போக வேண்டாம்.

இலவசக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வாரம் ஸ்டிக்கை மட்டும் சொருகி ஓட்டிப் பாருங்கள். அந்த வாரத்தில் எந்தச் சேனலைத் தேடினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சேனல்கூட இல்லை என்றால், இலவசக் காலம் முடியும் நாளுக்கு முன்பே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.