வீட்டை நாமே விற்பதா, புரோக்கரிடம் விடுவதா: அந்த மூன்றாவது வாரத்து போன்

"கமிஷனை எதுக்குத் தண்டமா கொடுக்கணும், நானே வித்துடவா?" வீட்டை விற்க முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் கமிஷன் எத்தனை சதவீதம் என்பதை மட்டும் வைத்து முடிவெடுத்தால், புரோக்கரை வைத்தாலும் நஷ்டம், வைக்காவிட்டாலும் நஷ்டம். அவர் எந்த வேலைக்குக் கைகொடுக்கிறார், எந்த இடத்தில் காலை வாருகிறார் என்று தெரிந்துகொண்டால் மீதி தானாகத் தெளியும்.

அவருக்குச் சேர வேண்டிய பாராட்டை முதலில் கொடுத்துவிடுகிறேன். ஆட்களை வடிகட்டுவதில் நல்ல புரோக்கரை அடித்துக்கொள்ள ஆளில்லை. விளம்பரம் போட்ட அன்றே போன் அடிக்க ஆரம்பிக்கும். நிஜமாக வாங்கப்போகிறவர் யார், தன் வீட்டுக்கு என்ன விலை சொல்லலாம் என்று ஆழம் பார்க்கிற அக்கம்பக்கத்தார் யார், விடுமுறை நாளில் சும்மா வீடு பார்க்கக் கிளம்பியவர் யார் என்று இரண்டு நிமிடப் பேச்சிலேயே பிரித்துவிடுவார். கடன் தேறுமா, கணவனும் மனைவியும் ஒரே முடிவில் இருக்கிறார்களா, பழைய வீடு விற்றால்தான் இதை வாங்க முடியுமா என்றெல்லாம் நாம் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அவர் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

வீட்டைக் காட்டுகிற நேரத்தில் அவர் அருமை இன்னும் தெரியும். பார்க்க வந்தவர் ஜன்னலுக்குக் கீழே சுவரைத் தடவி, "ஓதம் அடிக்குதே" என்பார். அந்த வீட்டில் பிள்ளை வளர்த்தவருக்குச் சுருக்கென்று இருக்கும். உடனே சமாதானம் சொல்ல ஆரம்பிப்பார், சொல்லச் சொல்ல விலை இறங்கும். புரோக்கருக்கு அது வெறும் சுவர். "ஆமா சார், வெளிப்பூச்சுல விரிசல். அடைச்சு பெயின்ட் அடிச்சா நின்னுடும்" என்று ஒரே வரியில் முடித்து அடுத்த அறைக்குக் கூட்டிப்போவார். அந்தப் பதற்றமின்மைக்கே தாராளமாகக் காசு கொடுக்கலாம்.

இதெல்லாம் முதல் இரண்டு வாரத்தோடு சரி. மூன்றாவது வாரம் ஒரு போன் வரும்.

"சார், பார்ட்டி கையில காசோட ரெடியா இருக்காங்க. நீங்க சொல்ற 100-க்கு வராது, 95-க்கு முடிச்சிடலாம். இதை விட்டா மார்க்கெட் இன்னும் டல்லாயிடும்."

ஆள் மாறும், குரல் மாறும், இந்தப் பேச்சு மட்டும் மாறவே மாறாது. எத்தனை முறை கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இதில்தான். கணக்கைப் போட்டுப் பாருங்கள். விலை 100, கமிஷன் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100-க்கு விற்றால் அவருக்கு 2, உங்களுக்கு 98. 95-க்கு விற்றால் அவருக்கு 1.9, உங்களுக்கு 93.1. அதாவது அந்த ஒரு போனில் உங்களுக்குப் போவது 4.9, அவருக்குப் போவது 0.1. அந்த 0.1-க்காக இன்னும் ஒரு மாதம் வண்டியை எடுத்துக்கொண்டு ஆட்களைக் கூட்டிவர யார் மெனக்கெடுவார்? இதற்குக் கெட்ட எண்ணமே தேவையில்லை. நேர்மையான மனிதருக்கும் கணக்கு இதேதான். அதனால் "ரொம்பத் தெரிஞ்சவர், தங்கமான மனுஷன்" என்கிற சிபாரிசு இந்த ஒரு இடத்தில் எடுபடாது.

இது என் கோபம் மட்டும் இல்லை. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரு பொருளாதாரப் பேராசிரியர்கள், சிகாகோவைச் சுற்றி விற்பனையான ஏறக்குறைய 1 லட்சம் வீடுகளின் விவரத்தை அலசி 2008-ல் வெளியிட்டார்கள். ஏஜென்ட்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்றபோது, வாடிக்கையாளர்களின் அதே மாதிரி வீடுகளைவிடச் சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் கூடுதல் விலை வாங்கியிருந்தார்கள். தன் வீடு என்றால் பொறுமை வருகிறது. ஊரார் வீடு என்றால் மார்க்கெட் டல்லாகிவிடுகிறது.

ஆகவே புரோக்கரை வைப்பவர்கள் 2 சதவீதத்தை 1.5 ஆக்கு என்று மல்லுக்கட்டாதீர்கள். கடைசி 5-க்காக அவர் பாடுபட இருந்த காரணம் அதனால் இன்னும் சுருங்கும். படி வைத்துப் பேசுங்கள்: 95 வரை 2 சதவீதம், அதற்கு மேல் வருகிற தொகையில் மட்டும் 10 சதவீதம். இப்போது 95-க்கு அவருக்கு 1.9, 100-க்கு 2.4. கடைசி 5-ல் அவர் பங்கு 0.1-லிருந்து 0.5 ஆகிறது. உங்களுக்கு 98-க்குப் பதில் 97.6 வரும், 93.1-ஐவிட அது எவ்வளவோ மேல். படியை எங்கே வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். சும்மா போட்டாலே வந்துவிடும் விலைக்குக் கீழே வைத்தால், உழைப்பே இல்லாத பணத்துக்கு 10 சதவீதம் அழுவீர்கள்.

ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியது இன்னும் உண்டு. ஒருவருக்கே என்று கொடுத்தால் 60 நாள், மிஞ்சினால் 90, அதற்கு மேல் வேண்டாம். நீங்கள் அட்வான்ஸ் வாங்கும் அன்று கமிஷன் தரப்படாது, பதிவு முடிந்து முழுப்பணம் வந்த அன்றுதான். காலம் முடிந்தபின் நீங்களே விற்றாலும் கமிஷன் உண்டு என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதை அவர் ஏற்கெனவே கூட்டிவந்து காட்டியவர்களின் பெயர்ப் பட்டியலோடு, அதுவும் குறிப்பிட்ட நாளுக்குள் என்று கட்டிப்போடுங்கள். குடியிருக்கும் வாடகைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் வாங்கினால் கமிஷன் கிடையாது என்று பெயரோடு எழுதுங்கள். வாங்குபவரிடமும் அவர் கமிஷன் வாங்குகிறாரா என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிற புரோக்கரிடம் உங்கள் கடைசி விலையை வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது.

ஒருவரை நம்பாமல் நாலு பேரிடம் கொடுப்பது இன்னும் மோசம். ஒரே வீடு நாலு படத்தோடு நாலு விலையில் இணையதளங்களில் வரும். தேடுகிறவர் அதில் குறைந்த விலையைத்தான் பிடித்துக்கொள்வார், இங்கே ஏதோ அவசரம் என்றும் கணக்குப் போட்டுவிடுவார். வீட்டைக் கையில் பிடிக்க விலையை ஏற்றிச் சொல்லும் புரோக்கரிடமும் எச்சரிக்கை வேண்டும். மூன்று பேரிடம் மதிப்பீடு கேட்டு, அதில் ஒருவர் மட்டும் எகிறிச் சொன்னால், கடைசியாக விற்ற ஐந்து வீடுகளின் சொன்ன விலையும் முடிந்த விலையும் என்ன என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அடுத்தவரைப் பாருங்கள்.

நாமே விற்பதென்றால் முதல் வேலை விலை. தளங்களில் இருப்பது சொல்கிற விலை, அதை நம்பக் கூடாது. கடந்த ஆறு மாதத்தில் அதே பகுதியில் பதிவாகி முடிந்த மூன்று வீடுகளை எடுத்து, பரப்பளவு, கட்டி எத்தனை வருடம், மாடி, பார்க்கிங் ஆகியவற்றுக்குக் கூட்டிக் கழித்து வாருங்கள். பரப்பளவை நாடா வைத்து அறை அறையாக அளந்து, சுவருக்கு உள்ளே எவ்வளவு, பொது இடத்தையும் சேர்த்தால் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியே போடுங்கள். இதை மறைத்தால் வங்கி மதிப்பீட்டாளர் வந்து அளக்கும் அன்று பேரம் உடையும். விலையைப் போடும்போது தளத்தின் வடிகட்டியையும் நினைவில் வையுங்கள். 50 வரை என்று தேடுகிறவர் கண்ணில் 51 படவே படாது. புது விளம்பரத்தை அதிகம் பேர் பார்ப்பது முதல் இரண்டு வாரம்தான். அந்த வாரங்களை எட்டாத விலையில் வீணடித்துவிட்டுப் பிறகு குறைத்தால், ஏதோ குறை இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

படங்களைக் காலை வெளிச்சத்தில், திரைச்சீலையை விலக்கி, எல்லா விளக்கையும் போட்டு, அறையின் மூலையில் நெஞ்சு உயரத்திலிருந்து எடுங்கள். அகல லென்ஸில் அறையைப் பெரிதாகக் காட்டினால், நேரில் வந்தவர் வாசலிலேயே ஏமாந்துபோவார். வரைபடம் ஒன்று கட்டாயம். எழுதும்போது பொருளைச் சொல்லுங்கள், புகழாதீர்கள். அமெரிக்க விளம்பரங்களைப் பார்த்த லெவிட், கிரானைட், மேப்பிள் மரம் போன்ற பொருட்பெயர்கள் அதிக விலைக்குப் போன வீடுகளோடும், அருமையானது, விசாலமானது போன்ற சொற்களும் ஆச்சரியக்குறியும் குறைந்த விலைக்குப் போன வீடுகளோடும் சேர்ந்து வருவதைக் காட்டினார். சொல்ல உருப்படியாக ஏதாவது இருந்தால் "அருமை" என்று எழுத இடமே இருக்காது.

பிறகு போன்கள். இதற்கென்று தனி எண் வாங்கிவிடுவது உத்தமம். வாங்குபவர் மாதிரி பேசுகிற புரோக்கர்கள் நிறைய வருவார்கள், "நேரடி விற்பனை மட்டும்" என்று போட்டாலும் வருவார்கள். வந்தவரிடம் நாலு கேள்வி போதும்: எப்போது குடிவர வேண்டும், கடனா கைப்பணமா, கடனென்றால் வங்கி எவ்வளவு தர ஒப்புக்கொண்டிருக்கிறது, முடிவெடுப்பவர்கள் எல்லோரும் பார்க்க வருவார்களா. வீட்டைப் பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள் என்பவன் திருடன். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் எங்கேயும் தேவைப்படாது. பத்திர நகலை அட்வான்சுக்கு முன் முழுதாக அனுப்பாதீர்கள். யாருக்கு, எந்தத் தேதியில், எதற்காக என்று பக்கத்தின் குறுக்கே எழுதி, அடையாள எண்களை மறைத்துக் கொடுங்கள்.

பேரம் முறிவது பெரும்பாலும் காகிதத்தில். கூட்டு உரிமையாளர் ஒருவர் வெளியூரில், கட்டிமுடித்த கடனுக்கு வங்கியின் விடுவிப்புக் கடிதம் இல்லை, பால்கனியை மூடி அறையாக்கியது அனுமதி வரைபடத்தில் இல்லை. இவற்றை விளம்பரத்துக்கு முன்பே சரிசெய்யுங்கள், ஒரு வழக்கறிஞருக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டோக்கன் வாங்கும்போது ரசீதில் மொத்த விலை, மீதிக்குக் கெடு, கடன் மறுக்கப்பட்டால் டோக்கன் யாருக்கு, வங்கி மதிப்பீடு குறைந்தால் வித்தியாசத்தை யார் போடுவது என்று நாலும் இருக்க வேண்டும். இந்த நாலாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சண்டை வருவதும் அதில்தான். சாவி முழுப்பணம் வந்தபின்தான், மீட்டர் அளவுகளைப் படம் எடுத்துக்கொண்டு.

இனி தீர்ப்பு. புரோக்கரைப் பற்றி மேலே சொன்ன நல்லதெல்லாம் உண்மை, ஒன்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இருந்தாலும் இன்று என்னைக் கேட்டால் நீங்களே விற்றுப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். அமெரிக்காவின் மேடிசன் நகர விற்பனைகளை ஆராய்ந்து 2009-ல் வெளிவந்த ஆய்வில், உரிமையாளரே விற்ற வீடும் ஏஜென்ட் விற்ற வீடும் ஏறக்குறைய ஒரே விலைக்குத்தான் போயிருந்தன. உரிமையாளர்களுக்குக் கமிஷன் மிச்சம், ஆனால் விற்க நாள் கூடுதல். அந்தக் கூடுதல் நாட்களைத் தாங்க முடிகிறவருக்கு, மூன்றாவது வாரம் யாரோ போன் செய்து 5-ஐ விட்டுக்கொடு என்று மிரட்டுகிற நிலை எதற்கு?

வேறு ஊருக்குப் போய்விட்டவர்கள், பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், இரண்டு மாதத்துக்குள் பணம் கையில் வந்தே ஆக வேண்டியவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அவர்கள் புரோக்கரிடமே கொடுக்கட்டும், படிக் கமிஷனோடு, 60 நாள் ஒப்பந்தத்தில். மற்றவர்கள் எட்டு வாரம் சொந்தமாக முயன்று பாருங்கள். வந்து பார்த்தவர்கள் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதிவையுங்கள், பின்னால் புரோக்கரிடம் போக நேர்ந்தால் கமிஷன் இல்லாதவர்கள் பட்டியலில் முதலில் சேர வேண்டிய பெயர்கள் அவை.