ரத்தம் எடுத்ததில் குறையில்லை, ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரண்டு முறை தைராய்டு பார்த்தேன். ஊசி குத்தியதே தெரியவில்லை, அன்று மாலையே ரிப்போர்ட் வந்துவிட்டது. ரத்தம் எடுத்த பெண்ணின் கைக்கு என் முழு மதிப்பெண்.

வருத்தம் ரிப்போர்ட்டில்தான். டி.எஸ்.எச் 0.2 என்று சிவப்பில் இருந்தது. சாதாரண அளவு சுமார் 0.4 முதல் 4 வரை. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 அதிகம். டி.எஸ்.எச் என்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. தைராய்டு அதிகம் சுரந்தால் கட்டளை குறையும். அப்படியென்றால் எனக்கு அதிகம் சுரக்கிறது என்று பயந்து இரவெல்லாம் தூங்கவில்லை.

மருத்துவர் முதலில் கேட்டது: "முடி கொட்டுறதுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

ஆமாம், பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை. அது சுரப்பை மாற்றுவதில்லை. ஆனால் அதிக அளவில் எடுத்தால், சில கருவிகள் அளக்கும் முறையைக் குழப்பி டி.எஸ்.எச்சைக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டிவிடுமாம். நிறுத்தி ஒரு வாரம் கழித்து அதே கூடத்தில் பார்த்தேன். டி.எஸ்.எச் 2.1!

பதிவு செய்யும்போது வெறும் வயிறா என்று மூன்று தடவை கேட்டார்கள். தைராய்டுக்கு மட்டும் என்றால் அது பொதுவாகக் கட்டாயமே இல்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தைராய்டு மாத்திரை போடுபவர்களிடமாவது, அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவரச் சொல்ல வேண்டாமா?

ஐந்துக்கு மூன்று. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற அந்தக் கேள்வியைப் படிவத்தில் சேர்த்தால் ஐந்தும் தருவேன்.