அம்மாவின் கிளினிக் கொப்பியும் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரும்

அம்மாவுக்குப் பிரஷரும் சீனி வருத்தமும் (நீரிழிவு) பல வருஷமாக உண்டு. லண்டனிலிருந்து போனில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பார். கூடவே கிளினிக்குக்குப் போனால்தான் உண்மை தெரியும். அம்மா இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில் ஹட்டன் பக்கம். இந்தமுறை லீவில் பாதி கிளினிக், இரத்தப் பரிசோதனை, மருந்து வரிசை என்றே போனது. பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன். ஆஸ்பத்திரிகளின் பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் விடியற்காலை பஸ் பிடித்துப் போய், டாக்டர் நோய் விவரமும் மருந்தும் எழுதும் கொப்பியை மேசையில் அடுக்கிவிட்டு, மிஸ்ஸி (நர்ஸ்) பெயரைக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது பதிவு செய்யும் இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. அடையாள அட்டையைப் பார்த்து விவரங்களை ஏற்றி, பார்கோட் ஸ்டிக்கர் ஒன்றைக் கொப்பியின் அட்டையில் ஒட்டிவிடுகிறார்கள். அடுத்த முறை அதை ஸ்கேன் செய்தால் போதும். டாக்டர் திரையைத் திருப்பி, போன மாதங்களின் சீனி அளவு ஏறி இறங்கிய கோட்டை அம்மாவுக்கே காட்டினார். "பொங்கலுக்கு என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று அவர் கேட்டதும் அம்மா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். மருந்துச் சீட்டும் நாங்கள் நடந்து போவதற்குள் மருந்து கொடுக்கும் இடத்துத் திரைக்குப் போயிருந்தது. எல்லா அரச ஆஸ்பத்திரியிலும் இந்த வசதி இல்லை. இருக்கும் இடத்தில் வரிசை வேகமாக நகர்கிறது, டாக்டரின் கையெழுத்தைப் பார்த்து ஊகிக்கிற வேலையும் இல்லை.

இதையெல்லாம் செய்யத் தெரியாத நாடு இல்லை இலங்கை. சுகாதாரத் தகவல்களைச் சேர்ப்பதற்கான, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் டிஎச்ஐஎஸ்2 மென்பொருளை வைத்து, 2020 தொடக்கத்திலேயே வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குவோரைக் கொரோனாவுக்காகக் கண்காணிக்கும் முறையை இங்கே உருவாக்கினார்கள். பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின.

சரி, எங்களுக்குச் சிக்கல் எங்கே வந்தது? முதல் திரையில். பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி என்று மூன்று கட்டங்கள்.

அம்மாவின் பெயர் லெட்சுமி. பிறப்புச் சான்றிதழில் அது ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கார்டில் இன்னொரு மாதிரி. ஆங்கிலத்தில் ஒருவர் டி-சி-எச் போடுவார், ஒருவர் கே-எஸ்-எச் போடுவார். அப்பா பெயர் சில இடத்தில் முழுதாக, சில இடத்தில் முதலெழுத்தாக. தோட்டங்களில் இது வீட்டுக்கு வீடு இருக்கிற கதை. 1948 குடியுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர்களாகி, 2003 சட்டம் வரும்வரை அந்தச் சிக்கல் முழுதாகத் தீராமல் கிடந்த இந்திய வம்சாவளித் தோட்டச் சனம் நாங்கள். பத்திரங்கள் வந்த காலத்தில் யார் எந்த மொழியில் எப்படி எழுதிக் கொடுத்தாரோ, அதுதான் பெயர்.

அதனால் அம்மாவுக்கு அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு பதிவுகள். ஒன்று, சில வருஷங்களுக்கு முன்பு காய்ச்சலுக்கு வார்டில் இருந்தபோது போட்டது. மற்றது கிளினிக்கில் போட்டது. முதலாவதில் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று இருக்கிறது, இரண்டாவதில் அந்த வரியே இல்லை. காலில் புண் என்று போன அன்று டாக்டர் அன்டிபயோடிக் எழுதத் தொடங்கினார். திரையில் தடை ஒன்றும் இல்லை. கொப்பியை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம் என்று அவருக்குத் தோன்றியதால்தான் விஷயம் தெரிந்தது.

அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடக் கொப்பிதான். பிரவுன் பேப்பர் உறை, சொப்பிங் பேக்கில் சுற்றி அரிசி டப்பாவுக்கு மேலே வைத்திருப்பார். பரிசோதனைச் சீட்டுகளைக் குத்திய ஊசிகள் துருப்பிடித்துத் தாளில் தடம் விட்டிருக்கின்றன. முதல் பக்கத்தில் யாரோ ஒரு டாக்டர் சிவப்பு மையில் 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

அதற்காகக் கொப்பியே போதும் என்று சொல்ல மாட்டேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்காவின் வீட்டுக்குள் மண் புகுந்து, கொப்பி, கார்ட் எல்லாம் போய்விட்டது. கிளினிக்கில் கம்ப்யூட்டர் பதிவு இருந்ததால் மருந்து விவரத்தை அப்படியே அச்செடுத்துக் கொடுத்தார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மட்டும் மருந்து எடுத்தவர்கள் என்ன செய்வார்கள்? அங்கே எல்லாம் ரெஜிஸ்டர் புத்தகம். தோட்ட ஆஸ்பத்திரிகளில் சிலதை அரசாங்கம் எடுத்துவிட்டது, மற்றவை இன்னும் கம்பனிகளின் பொறுப்பில். எங்கள் டிஸ்பென்சரியின் புத்தகத்தில் இருப்பது டவுன் ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. அங்கிருந்து கண்ணைக் காட்டக் கண்டிக்கு அனுப்பினால், அங்கேயும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒருவருக்கு நாடு முழுவதும் ஒரே சுகாதார இலக்கம் என்ற திட்டம் இருக்கிறது, பிஎச்என் என்கிறார்கள். அது மலையேறித் தோட்டம்வரை வந்தால்தான் எங்களுக்குப் பயன். லண்டனில் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம், ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) இருப்பது ஆஸ்பத்திரி டாக்டருக்குத் தெரியாத நாட்களும் உண்டு. ஆனால் அங்குள்ள அரச சுகாதார சேவையான என்எச்எஸ் தரும் 10 இலக்க நம்பரைச் சொன்னால் ஆள் யார் என்பதில் குழப்பம் வராது.

முகவரிக்கு வருவோம். தோட்டத்தில் லயத்து வீடுகளுக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) தனி முகவரி கிடையாது, கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். கம்ப்யூட்டரிலும் அந்தத் தோட்டத்தின் பெயர்தான். அதே தோட்டத்தில் இன்னும் நாலைந்து லெட்சுமிகள் இருப்பார்கள். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் செய்து கூப்பிடும் சுவசெரிய அம்புலன்ஸ், இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு மற்ற இடங்களுக்கும் வந்த இலவச சேவை. உண்மையிலேயே அருமையான ஏற்பாடு. பக்கத்து லயத்து மாமாவுக்கு இரவில் நெஞ்சுவலி வந்தபோது கூப்பிட்டோம். எங்கே வருவது என்று கேட்டார்கள். "மேல் டிவிசன், கோவிலைத் தாண்டி, பெரிய மரத்துக்கிட்ட" என்றால் யாருக்கு விளங்கும்? கடைசியில் பையன் ஒருவன் டோர்ச்சோடு சந்திவரை ஓடிப்போய் நின்றான்.

ஊருக்குப் போகிறவர்கள் அம்மா அப்பாவோடு ஒருநாள் கிளினிக்குக்குப் போங்கள். பதிவு செய்யும் இடத்தில் திரையை எட்டிப் பார்த்து, பெயரின் எழுத்து அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்று கேளுங்கள், கோபிக்க மாட்டார்கள். அலர்ஜி ஏதும் இருந்தால் நீங்களே சொல்லிப் பதியச் செய்யுங்கள். வார்டிலிருந்து வரும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் கார்டையும் கொப்பியின் பக்கங்களையும் போட்டோ எடுத்து ஊரில் ஒருவருடைய போனிலாவது வைத்துவிடுங்கள். இப்போது எங்கள் தம்பியின் போனில் இருக்கிறது.

இரண்டு பதிவையும் ஒன்றாக்க முடியுமா என்று கேட்டோம். முடியும், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி வாருங்கள் என்றார்கள். கிராம சேவகர் பிறப்புச் சான்றிதழின் பிரதி கேட்டிருக்கிறார். அதில் பெயர் இருப்பதோ மூன்றாவது மாதிரி எழுத்தில். தம்பி இப்போது அதற்காகப் பிரதேச செயலகத்துக்கு நடக்கிறான்.