செல்லோவுக்கு விட்னர் பிருடை மாட்டிப் பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோ உங்களுக்குச் சொந்தம், குடியிருப்பது குளிர் ஊர், சுருதி சேர்ப்பதற்குள்ளேயே பாதி உற்சாகம் போய்விடுகிறது என்றால், விட்னர் கம்பெனியின் 'ஃபைன்ட்யூன்' பிருடைகளை (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முளைகளை) தாராளமாக வாங்கலாம். தாளம் காட்டும் மெட்ரோனோம் செய்யும் அதே ஜெர்மன் விட்னர்தான்.

நான் சின்ன வயதில் திருச்சியில் கர்நாடக வயலின் கற்றவள். ஐம்பதைத் தாண்டிய பிறகு, டொராண்டோவில் செல்லோ பிடித்தேன். காது பழகிய காதுதான்; தகராறு கையோடு. செல்லோவின் மரப் பிருடைக்குப் பல்லும் கிடையாது, திருகும் கிடையாது. நுனி சிறுத்த கட்டை ஓட்டையில் இறுகி நிற்கிறது, அவ்வளவுதான். உள்ளே அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். மயிரிழை நகர்த்த நினைத்தால் அரைச் சுரம் தாவும். அதிலும் சி தந்தியின் பிருடை இடது காதுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது.

ஜனவரியில் கதை இன்னும் மோசம். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு, மரம் சுருங்கி, பிருடை தானாக வழுக்கும். காலையில் உறையைத் திறந்தால் தந்திகள் தொளதொளவென்று கிடக்கும். நாலும் ஒரேயடியாகத் தளர்ந்தால் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் சாயும். உள்ளே பசையில்லாமல் நிற்கும் சவுண்ட்போஸ்ட் குச்சியும் விழலாம். ஒரு கடையில் சாக்பீஸ் தூள் தடவிக் காசு வாங்கினார்கள். அடுத்த குளிர் அலை வரைக்கும் தாங்கியது.

இந்தப் பிருடை பார்வைக்குச் சாதாரணக் கறுப்புப் பிருடைதான், பல்சக்கரம் உள்ளே ஒளிந்திருக்கிறது. தலையை எட்டரைச் சுற்று சுற்றினால் தந்தி சுற்றியிருக்கும் நடுப்பகுதி ஒரு சுற்று வரும். இரண்டு ஓரங்களும் ஓட்டையில் அசையாமல் நிற்பதால் அழுத்த வேண்டாம், ஓட்டையும் தேயாது. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல இரண்டு விரலால் உருட்டினால் போதும். தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸில், நுணுக்கமாகச் சுருதி திருத்த இருக்கும் ஃபைன் ட்யூனர் திருகுகளை நான் இப்போது தொடுவதே இல்லை.

கை சுலபமானதும் காதுக்கு வேலை வந்தது, எனக்குப் பிடித்த பகுதி இதுதான். செல்லோவின் தந்திகள் கீழிருந்து சி, ஜி, டி, ஏ. நம் காதுக்கு இது புதிதே இல்லை: சி ஸ என்றால் ஜி ப, ஜி ஸ என்றால் டி ப, டி ஸ என்றால் ஏ ப. ஏ-யை மட்டும் போன் ஆப்பில் 220 ஹெர்ட்ஸுக்கு வைத்துவிட்டு, ஏ-யையும் டி-யையும் ஒரே வில்லில் சேர்த்து இழுப்பேன். சேராத வரை ஒலி அலையலையாக நடுங்கும். டி-யின் பிருடையை உருட்ட உருட்ட நடுக்கம் மெதுவாகி, ஒரு இடத்தில் நின்றுவிடும். மரப் பிருடையில் அந்த இடத்தைத் தாண்டாமல் நிறுத்துவது பெரும்பாடு.

சந்தேகம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. டி தந்தியின் மேல்புறத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில் விரலை லேசாகத் தொட்டு இழுத்தால் வரும் சுரமும், ஏ தந்தியின் சரிபாதியில் தொட்டால் வருவதும் ஒன்றாக, 440 ஆக, இருக்க வேண்டும்.

நாலு தந்தியையும் ஆப்பைப் பார்த்தே வைத்தால் என்ன என்று மகன் கேட்கிறான். வைக்கலாம், தப்பில்லை. ஆனால் ஆப், சுரங்களைச் சம இடைவெளியில் வைக்கும் பியானோ கணக்கில், சி-க்கு 65.41 என்று காட்டும். ஏ-யிலிருந்து சுத்தமான ஸ-ப வழியாக இறங்கினால் 65.19-இல் நிற்கும். தனியாக வாசிக்கும்போது எனக்கு இரண்டாவதுதான் இனிக்கிறது. பியானோவோடு வாசிக்கும் நாளில் மட்டும் ஆப் சொல்வதைக் கேட்கிறேன். நால்வராக வாசிக்கும் குவார்டெட் ஆட்களும் இந்த ஸ-ப இடைவெளிகளைக் கொஞ்சம் நெருக்கித்தான் வைக்கிறார்கள். இல்லையென்றால் செல்லோவின் சி-க்கும் வயலினின் ஈ-க்கும் ஒத்துப்போகாது.

அப்புறம், பல்சக்கரப் பிருடை எதுவானாலும் தந்தி மாற்றும்போது பொறுமை வேண்டும். எட்டரைக்கு ஒன்று என்றால் எத்தனை சுற்று என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். திருப்பும் கைப்பிடி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வானிலை மாறினால் சுருதி அப்போதும் இறங்கும், ஏறும். வழுக்காது என்பதுதான் லாபம். செல்லோவுக்குள் ஈரப்பதம் தரும் ரப்பர் குழாயை நான் இன்னும் எடுக்கவில்லை.

மாட்டுவதை வீட்டில் முயற்சிக்காதீர்கள். ஓட்டையைச் சீவி அளவு சேர்க்கும் வேலை, வாத்தியம் செய்கிறவரிடம்தான் கொடுக்க வேண்டும். கூலியும் அதற்குத் தகுந்த மாதிரி இருக்கும். வாடகைச் செல்லோ என்றால் பேச்சே வேண்டாம், உரிமையாளர் ஓட்டையைச் சீவ விடமாட்டார். வாடகைக்கு எடுத்தவர்களுக்கு நாலு ஃபைன் ட்யூனரும் சேர்ந்தே வரும் டெயில்பீஸ் போதும்.