பிஎஸ்எக்ஸெக்: காசும் கேட்காது, காரணமும் சொல்லாது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், நாட்டுப்படகு சரக்கு மட்டும் கொஞ்சம் வரும். மண்டபத்தில் நண்டும் கணவாயும் வாங்கி அனுப்பும் எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டரில் கை வைக்க அதுதான் நேரம். நான் படித்தது பி.காம்., வேலை கணக்கு. கம்ப்யூட்டர் பொறுப்பு எப்படி என் தலையில் வந்து விழுந்தது என்று இன்று வரை எனக்கே விளங்கவில்லை.

ஆபீஸில் 9 மெஷின், பாம்பன் எடைக்கொட்டகையில் 2. ரூட்டரில் விபிஎன் போட்டு எல்லாம் ஒரே நெட்வொர்க். பில் சாஃப்ட்வேர் புது வெர்ஷன் வந்தால் முன்பெல்லாம் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாற்காலி நாற்காலியாகப் போவேன். பிறகு ஸ்கூட்டரில் பாம்பன் பாலம். ஆனி ஆடிக் காற்றில் அந்தப் பாலத்தில் ஸ்கூட்டர் ஓட்டியவருக்குத்தான் தெரியும், உட்கார்ந்த இடத்திலிருந்தே இன்ஸ்டால் பண்ண ஏன் இவ்வளவு ஆசைப்பட்டேன் என்று.

அதற்குக் கிடைத்ததுதான் பிஎஸ்எக்ஸெக் (PsExec), இன்னொரு விண்டோஸ் மெஷினில் தூரத்திலிருந்தே கமாண்ட் ஓட்டும் கருவி. இலவசம். மார்க் ருசினோவிச் எழுதியது. அவருடைய சிஸின்டெர்னல்ஸ் கருவிகளை 2006-இல் மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கொண்டது. இது செய்வது சின்ன வேலை. அந்தப் பக்கத்து மெஷினின் அட்மின் டாலர் (ADMIN$) ஷேரில், அதாவது அட்மினுக்கு மட்டும் திறக்கும் மறைவான ஃபோல்டரில், ஒரு குட்டி சர்வீஸை வைத்து ஓட்டும். நாம் கொடுத்த கமாண்டை அது அங்கே இயக்கி, முடிவை நம் கறுப்பு ஜன்னலில் காட்டும். எதிர் மெஷினில் முன்கூட்டி எதையும் போட்டுவைக்கத் தேவையில்லை. ஃபைல் ஷேரிங்குக்கான 445-ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும், அட்மின் கணக்கு வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்'-இல் எனக்கு நாலு நாள் போனது.

முதல் நாள், 9-இல் 5 மெஷின் 'நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை' என்றது. பிங் பண்ணினாலும் பதில் இல்லை, ஆனால் அதே மெஷினில் பையன்கள் யூடியூப் பார்க்கிறார்கள்! போன மாசம் ரூட்டர் மாற்றியிருந்தோம். விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எண்ணி, 'பப்ளிக்' என்று குறித்துக்கொண்டு ஃபைல் ஷேரிங்கை ஃபயர்வாலில் அடைத்துவிட்டது. 'பிரைவேட்' என்று மாற்றியதும் வழி திறந்தது. மாற்ற ஒவ்வொரு மெஷினுக்கும் எழுந்துதான் போனேன், அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

அடுத்து 'ஆக்சஸ் டினைடு'. எல்லா மெஷினையும் ஒரே இடத்திலிருந்து ஆளும் டொமைன் எங்களிடம் கிடையாது, ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு நிற்கும் வெறும் வொர்க்குரூப். லோக்கல் அட்மின் கணக்கில் தூரத்திலிருந்து நுழைந்தால் விண்டோஸ் அந்த அட்மின் அதிகாரத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடும். விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல்அக்கவுண்ட்டோக்கன்ஃபில்டர்பாலிசி (LocalAccountTokenFilterPolicy) என்று ஒன்றை 1 ஆக்கினால் கழற்றாது. அதைத் திறந்தால் மெஷினுக்கு மெஷின் வேறு பாஸ்வேர்டு கட்டாயம். இல்லாவிட்டால் ஒன்றில் திருடன் புகுந்தால் மற்றதுக்கும் அதே சாவி ஆகிவிடும்.

பாம்பனுக்கு போன் போட்டு பாஸ்வேர்டு கேட்டேன். "4 நம்பர்தான் காக்கா" என்றான் பில் போடுகிற பையன். அது பாஸ்வேர்டு இல்லை, 'பின்' (PIN) நம்பர். பின் நம்பர் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும்தான் செல்லும், நெட்வொர்க்கில் செல்லாது. இன்னொரு மெஷினில் பாஸ்வேர்டே கிடையாது. காலி பாஸ்வேர்டு கணக்கையும் விண்டோஸ் தூரத்திலிருந்து உள்ளே விடாது.

உள்ளே நுழைந்த பிறகு பில் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணும் எம்எஸ்ஐ பைலை ஓட்டினேன். முக்கால் மணி நேரம் கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்தது. போனில் கேட்டால், "இங்க ஒண்ணும் வரலயே காக்கா." வராதுதான். 'மைனஸ் எஸ்' (-s) போட்டிருந்தேன், அதாவது விண்டோஸின் சொந்தக் கணக்கான 'சிஸ்டம்' கணக்கில் ஓட்டு என்று. யாரும் பார்க்க முடியாத இடத்தில் 'நெக்ஸ்ட்' பட்டனைக் காட்டிக்கொண்டு இன்ஸ்டாலர் காத்திருந்தது. சத்தமில்லாமல் போடச் சொல்லும் 'கியூஎன்' (/qn) சுவிட்சை நான் மறந்திருந்தேன்.

அதைச் சேர்த்ததும் 1619 என்ற பிழை எண் வந்தது, பேக்கேஜைத் திறக்க முடியவில்லையாம். பைல் என் மெஷின் ஷேரில் கண்முன்னால் இருக்கிறது. ஆனால் அங்கே ஓடுவது சிஸ்டம் கணக்கு. வொர்க்குரூப்பில் அதற்கு என் ஷேர் வாசலில் அனுமதி இல்லை. முதலில் பைலை அந்த மெஷினின் சி டிரைவுக்கே காப்பி பண்ணி, அங்கிருந்து ஓட்டியதும் 7 மெஷினில் '0' வந்தது, அதாவது தப்பில்லாமல் முடிந்தது. இந்தக் கறுப்பு ஜன்னலில் 0-வை விட அழகான எண் கிடையாது.

ரெண்டில் மட்டும் 1603. இது 'ஏதோ தப்பு' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாத எண். இங்கேதான் இன்ஸ்டாலர் செய்ததையெல்லாம் எழுதிவைக்கும் லாக் பைல் கை கொடுத்தது. ஆயிரக்கணக்கான வரி, படிக்க வேண்டாம். 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று தேடுங்கள், அதற்குக் கொஞ்சம் மேலே காரணம் இருக்கும். எனக்கு இருந்தது: பில் சாஃப்ட்வேர் ஓடத் தேவையான டாட்நெட் 4.8 இல்லை. ரெண்டும் வருஷக்கணக்கில் அப்டேட் பார்க்காத மெஷின்கள். டாட்நெட்டைப் போட்டால் 3010. தப்பென்று நினைத்து மூன்று தடவை திரும்பப் போட்டேன். 3010 என்றால் 'போட்டாச்சு, ரீஸ்டார்ட் பண்ணு' என்று அர்த்தம். வெட்கமாக இருந்தது.

5-க்கு 4 கொடுப்பேன். அந்த ஒரு மார்க்கைக் குறைத்தது, இத்தனைக்கும் எண்ணை மட்டும் நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வதற்காக. இன்னொன்று, திருட்டுப் பயல்களும் இதே கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதனால் ஆன்டிவைரஸ் இதைப் பிடித்து வைத்தால் பதற வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கியதுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டொமைன் வைத்திருக்கும் பெரிய ஆபீஸுக்கு, ஒரே இடத்திலிருந்து எல்லா மெஷினிலும் போட குரூப் பாலிசி இருக்கிறது, அவர்களுக்கு இது வேண்டாம். 10, 15 மெஷினோடு மல்லுக்கட்டும் என்னைப் போன்றவர்களுக்குத்தான்.

பாம்பனின் ரெண்டு மெஷினில் ஒன்று வந்தது, இன்னொன்று காப்பி ஆகும்போதே பாதியில் பாதியில் அறுந்தது. என் கமாண்டை எத்தனையோ விதமாக மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஸ்கூட்டரில் போய் கேபிளை உருவினால், உப்புக்காற்றில் கனெக்டரின் உலோக முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது. வெட்டிவிட்டு புது கனெக்டர் கிரிம்ப் பண்ணினேன். சட்டைப்பையில் பென்டிரைவும் இருந்தது, அதிலேயே போட்டுவிட்டு வந்தேன்.